நூல் பிடித்த கதை

விறாந்தைச் சுவரில் ஒரு கலியாணப் படம் மாட்ட வேண்டும். ஆணி இரண்டு, சுவர் ஒன்று, ஆள் ஒருவர். ஆள் முப்பது வருஷம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். இந்தக் கணக்கில் பிழைப்பதற்கு எங்கே இடம் இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படிக் கேட்டுக்கொண்டுதான் கதிரையில் ஏறினேன்.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2008 இல் போரினால் எங்கள் ஊர் அடம்பனை விட்டு எல்லாரும் புறப்பட்டபோது நான் என் நூல்களைக் கட்டி எடுத்தேன். மனைவி அரிசிப் பைக்குள் இந்தப் படத்தை வைத்தாள். நூல்கள் போன வழியெல்லாம் ஊருக்கு ஒன்றாக உதிர்ந்தன. படம் திரும்பி வந்தது. கண்ணாடி உடைந்து, சட்டம் கறையான் அரித்து, பல வருஷம் அலுமாரிக்குள் கிடந்த அதற்கு இப்போதுதான் புதுச்சட்டம் போட்டோம். சட்டம் போட்டவர் பின்பக்கத்தில் இரண்டு கொக்கி வைத்துத் தந்தார். ஒரு கொக்கியோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

முதலில் அளக்கும் ரேப்பை எடுத்தேன். ரேப்பின் நுனியில் வளைந்த தகடு ஒன்று இருக்கும். அது இலேசாக ஆடும். வாங்கிய அன்றே "சாமான் சரியில்லை" என்று சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி ஆடாமல் இறுக்கியவன் நான். தகட்டின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவு ஆடட்டும் என்று வேண்டுமென்றேதான் அதை அப்படிச் செய்கிறார்களாம். பலகை நுனியில் கொளுவி இழுத்தால் தகடு வெளியே வரும், சுவரில் முட்டுக்கொடுத்து அளந்தால் உள்ளே போகும், இரண்டு விதத்திலும் அளவு சரியாக வரும். அது ஆடினால்தான் நேர்மையான ரேப். நான் அந்த நேர்மையை அடித்து இறுக்கிவிட்டு, அறுத்த பலகையெல்லாம் ஏன் கட்டிலுக்குப் பொருந்தவில்லை என்று மரத்தைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நிலத்திலிருந்து 5 அடி 6 அங்குலம். இடப்பக்கம் ஒரு புள்ளி, வலப்பக்கம் ஒரு புள்ளி, இரண்டு ஆணி. மாட்டிவிட்டு இறங்கினேன். மனைவி குசினி வாசலில் நின்று, கையிலிருந்த அகப்பையைக்கூடக் கீழே வைக்காமல், "வாசல் பக்கம் சரிஞ்சு கிடக்கு" என்றாள்.

ரேப் பொய் சொல்லவில்லை. இரண்டு ஆணியும் நிலத்திலிருந்து ஒரே உயரந்தான். நிலந்தான் மட்டமில்லை. வீடு கழுவினால் தண்ணீர் வாசலால் ஓட வேண்டும், கொஞ்சம் சரிவாகப் போடு என்று மேசனுக்குச் சொன்னவன் யார்? இது இந்திய வீட்டுத்திட்டத்தில் வந்த வீடு. 550 சதுர அடி, ஐந்தரை இலட்சம் ரூபா, பகுதி பகுதியாகக் காசு. பயனாளியே முன்னின்று கட்ட வேண்டும். அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடிக்காதது இந்தக் கடைசி விதிதான். வீட்டில் எது கோணினாலும் குற்றஞ்சாட்ட வேறு ஆள் கிடையாது.

இரண்டாம் முறை பேரன் உதவிக்கு வந்தான். "அப்பப்பா, போனிலேயே மட்டம் பார்க்கலாம்" என்று ஏதோ ஒன்றை இறக்கித் தந்தான். போனைச் சட்டத்தின் மேல் படுக்க வைத்தேன். திரையில் பச்சை வட்டம் நடுவுக்கு வரும்வரை ஆணியை மாற்றி அடித்தேன். இந்த முறை படம் குசினிப் பக்கம் சரிந்தது. போனின் முதுகில் கமெராவுக்கு ஒரு மேடு இருப்பதும், அந்த மேட்டில் ஏறிப் படுத்த போன் தன் சரிவைத்தான் எனக்குச் சொன்னது என்பதும் பிறகே தெரிந்தது. சுவரில் ஓட்டை நான்கு.

மூன்றாவது, காசு கொடுத்து வாங்கிய நீர்மட்டம். மஞ்சள் நிறம், இரண்டு அடி நீளம். 1660களில் தெவெனோ என்ற பிரெஞ்சுக்காரர் உண்டாக்கிய யோசனை இது. இலேசாக வளைந்த கண்ணாடிக் குழாய், அதற்குள் மதுசாரம், அதற்குள் ஒரு குமிழ். குமிழ் எப்போதும் மேலே போகப் பார்க்கும். குழாயின் நடு உச்சியில் வந்து நின்றால் சாமான் மட்டம். எனக்கும் அந்தக் குமிழுக்கும் நல்ல ஒற்றுமை. அசையாமல் நிற்க வேண்டிய இடத்தை விட்டு எந்தப் பக்கம் இடம் கிடைக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். ஆனால் கதிரையில் ஏறும்போது கைதவறி அதை ஒருமுறை நிலத்தில் போட்டுவிட்டேன். விழுந்த மட்டத்தைச் சோதிக்கச் சுலபமான வழி இருக்கிறது. வைத்த இடத்திலேயே தலைமாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு முறையும் குமிழ் ஒரே இடத்தில் நின்றால் அதை நம்பலாம், இடம் மாறினால் அதைக் கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுக்கலாம். இதை அறியும்போது சுவரில் ஓட்டை ஆறு.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் பெரிய படமாப் பாத்துப் போட்டிருக்கலாம்" என்றாள் மனைவி. "ஓட்டையாவது மறைஞ்சிருக்கும்."

தமிழில் மட்டம் தட்டுவது என்றால் இரண்டு வேலை. ஒன்று நிலத்துக்குச் செய்வது, மற்றது புருஷனுக்குச் செய்வது. இரண்டாவதற்குக் கருவி வேண்டியதில்லை.

ஆறாவது ஓட்டைக்குப் பிறகு மனிதனுக்குச் சரித்திரம் தேவைப்படுகிறது. நான் வில்லியம் லாம்டனிடம் போனேன். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்துவிடலாம் என்று 1802 இல் புறப்பட்ட ஆள். சென்னையில் பரங்கிமலைப் பக்கம் அவர் அளந்த முதல் கோட்டின் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். ஏழரையில் தொடங்காதே என்று சொல்ல அங்கே சாத்திரியார் ஒருவரும் இருக்கவில்லைப் போலும். 1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரைத் தொன் நிறையுள்ள கோணமானியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வளைந்துபோயிற்று. மனுஷன் கூடாரத்துக்குள் அடைந்து ஆறு கிழமை இருந்து, தட்டித் தட்டி அதை நிமிர்த்தினார். அவர் தொடங்கிய அளவை முடிய எழுபது வருஷத்துக்குக் கிட்டப் பிடித்தது. இதை நான் மனைவிக்கு விளக்கமாகச் சொன்னேன்.

"ஆறு கிழமையில அவர் நிமித்திப்போட்டார்தானே?" என்றாள்.

நான்காவது, கனடாவிலிருந்து மகன் அனுப்பிய லேசர். சின்னப் பெட்டி, அமத்தினால் சுவரில் பச்சைக் கோடு விழும். விழுந்த கோடு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. இது அதன் இயல்பு என்று எடுத்துக்கொண்டு, சிமிட்டும் கோட்டின் மேலேயே இரண்டு ஆணி அடித்தேன். வீட்டுப் பூனை கோட்டைப் பிடிக்கப் பாய்ந்து பாய்ந்து சுவரில் நகத்தால் தன் அளவைக் குறித்தது. இரண்டு அளவையும் ஒப்பிட்டால் பூனையின் கோடு கொஞ்சம் நேர்.

பெட்டிக்குள் ஒரு குண்டு தொங்குகிறதாம். கொண்டு திரியும்போது ஆடி உடையாதபடி அதற்கு ஒரு பூட்டு. பூட்டைத் திறந்துவிட்டால் குண்டு பூமியைப் பார்த்து நிற்கும், கோடு தானாக மட்டத்துக்கு வரும். பூட்டியபடி போட்டால் கோடு பெட்டி சரிந்த பக்கம் சரியும். "என்னை நம்பாதே" என்பதற்காகத்தான் அந்தக் கண்சிமிட்டல். ஆக, கனடாவிலிருந்து கப்பலேறி வந்ததும் ஒரு தூக்குக்குண்டுதான். ஊர் மேசன் நூலில் கட்டித் தொங்கவிடுவதை அவர்கள் பெட்டிக்குள் போட்டு மின்கலம் பூட்டியிருக்கிறார்கள். ஓட்டை எட்டு.

ஆறுதலுக்கு இந்த முறை சென்னைக்குப் போகவில்லை. எங்கள் வயலுக்குத் தண்ணீர் தரும் கட்டுக்கரைக் குளமே இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டியதாகச் சொல்கிற குளம்; அருவியாற்றைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்து வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்து நிரப்புவது. இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ட் 1859 இல் வெளியிட்ட தம் பெரிய புத்தகத்தில் இந்தக் குளத்துக்கு ஒரு தீர்ப்பு எழுதினார்: பழைய ஆட்கள் மட்டம் பார்த்ததில் பிழைவிட்டார்கள், வாய்க்காலில் வந்த தண்ணீர் குளத்துக்குப் போகாமல் திரும்ப ஆற்றுக்கே போயிருக்கும், அவ்வளவு பாடும் வீண். அந்த நூற்றாண்டு முடிகிற காலத்தில் அதே ஆட்சிதான் குளத்தைத் திருத்தியது. இன்றைக்கும் தேக்கத்துத் தண்ணீர் வருகிறது, குளம் நிறைகிறது, காலபோகத்தில் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் பச்சையாக நிற்கிறது. துரை எழுதியது தண்ணீருக்கு வாசிக்கத் தெரியவில்லை.

குளத்துக்கட்டில் நின்று இதை யோசித்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. நான் நிலத்தைக் கேட்டேன், போனைக் கேட்டேன், விழுந்த மட்டத்தைக் கேட்டேன், பூட்டிய குண்டைக் கேட்டேன். எல்லாம் தங்கள் தங்கள் சரிவைத்தான் சொல்லின. சாட்சியைக் கூப்பிடுமுன் சாட்சி நேராக நிற்கிறதா என்று நான் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய் மேசனுக்குப் போன் எடுத்தேன்.

வந்தவன் என்னிடம் படித்த பையன். ஒன்பதாம் வகுப்பில் நன்னூல் பாயிரத்தில் ஒரு செய்யுளைப் பாடமாக்க முடியாமல் வாங்கின் மேல் ஏறி நின்றவன். ஏற்றியது நான். அந்தச் செய்யுளில் பவணந்தி முனிவர் சொல்வது இதுதான்: தச்சனின் நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பதுபோல, படிக்கிற நூல் மனத்தின் கோணலைத் தீர்க்கும். தமிழில் புத்தகமும் நூல், கயிறும் நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கும் நூல். முதல் நூலில் நான் முப்பது வருஷம் மற்றவர்களுக்குப் புள்ளி போட்டவன். மற்ற இரண்டிலும் எனக்கு யாராவது போட்டால் தெரியும்.

அவன் பையிலிருந்து எடுத்தது ஒரு துண்டு பிளாஸ்ரிக் குழாய். உள்ளே தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு காற்றுக்குமிழும் இல்லாதபடி சுண்டிச் சுண்டி வெளியேற்றினான். ஒரு நுனியை என்னிடம் தந்து வலப்பக்கம் நிற்கச் சொன்னான். தண்ணீர் சிந்திவிடும் என்று நான் பெருவிரலால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.

"சேர், விரலை எடுங்கோ. மூச்சை அடைச்சா தண்ணியும் உண்மை சொல்லாது."

விரலை எடுத்தேன். தண்ணீர் ஏறியது, இறங்கியது, ஏறியது, நின்றது. என் நுனியிலும் அவன் நுனியிலும் ஒரே உயரம். நடுவில் குழாய் நிலத்தில் வளைந்து புரண்டு கிடந்தது. தண்ணீர் அதைக் கணக்கிலெடுக்கவில்லை. நான் என் பக்கத்தில் தடித்த பென்சிலால் ஒரு பெரிய கோடு கீறினேன்.

"சேர், இந்தக் கோட்டில எந்தக் கரையில ஆணி?"

கோட்டுக்கும் கரை உண்டு என்று நான் யோசித்ததில்லை. அவன் பென்சிலைச் சீவி, காகத்தின் கால்போல இரண்டு சின்னக் கீற்றுக் கீறினான். இரண்டும் சந்திக்கும் முனைதான் இடம். அதற்குக் கரையில்லை. பிறகு செங்காவி கரைத்த தண்ணீரில் நூலை நனைத்து, இரண்டு முனைக்கும் இழுத்துப் பிடித்து, நடுவில் விரலால் ஒருமுறை சுண்டினான். சுவரில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. அப்படி ஒரு நேர்கோடு அந்த வீட்டில் அதற்குமுன் இருந்ததில்லை.

"இதை எங்கயடா படிச்சனி?"

"கேதீச்சரத்தில, சேர்."

திருக்கேதீச்சரம் கருங்கல்லால் எழுந்து 2022 யூலையில் கும்பாபிஷேகம் கண்டது. மாமல்லபுரத்துச் சிற்பிகளின் வேலை. அங்கே கல் தூக்கிக் கொடுக்கும் கையாளாக நின்றிருக்கிறான். அவர்களிடம் நூலும் காவியும் குண்டும் மூலைமட்டமும் இருந்தன. வெட்டுகிறவனுக்கு முன்னால் எப்போதும் கீறுகிறவன் இருந்தான் என்றான். வாங்கில் ஏறி நின்றவன் நூலைப் பாடமாக்கியே விட்டான். நான் பேசாமல் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்பதாவது ஓட்டை, பத்தாவது ஓட்டை. படம் ஏறியது. சட்டத்தின் மேல் தன் நீர்மட்டத்தை வைத்தான், குமிழ் நடுவில். தலைமாற்றி வைத்தான், அப்போதும் நடுவில். நான் குசினி வாசலைப் பார்த்தேன். மனைவி வந்தாள், தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், மறு பக்கம் சாய்த்தாள்.

"இன்னும் சரிஞ்சுதான் கிடக்கு."

மேசன் கிட்டப் போய்ப் பார்த்தான். சிரிப்பை அடக்கினான். "அக்கா, சட்டம் மட்டந்தான். சேர்தான் சாய்ஞ்சு நிக்கிறார்."

உண்மை. படத்தில் மாப்பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறார். நாற்பது வருஷமாக அதை நாங்கள் இருவரும் காணவில்லை. படம் பிடித்தவர் "பொம்பிளை பக்கம் கொஞ்சம் சரியுங்கோ" என்று சொன்னதும், புதுச் சப்பாத்து இடது காலைக் கடித்ததும் ஞாபகத்துக்கு வந்தன.

மேசன் போன பிறகு எனக்கு மனம் கேட்கவில்லை. மனைவியின் தையல் பெட்டியிலிருந்து நூலெடுத்து, ஒரு பக்க ஆணியில் தடிப்பாகச் சுற்றினேன். நூலால் ஒரு நூல் உயர்த்தி மாட்டினேன். மாப்பிள்ளை நிமிர்ந்தார். நூல் படித்தவன் கடைசியில் நூல் பிடித்துவிட்டான் என்று மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்கள் நேராகிட்டியள். இப்ப நான் சரிஞ்சு போனன்."

பார்த்தேன். ஆமாம்.

"பரவாயில்லை, இருக்கட்டும்" என்று அவள் குசினிக்குள் போய்விட்டாள். நான் திரும்பக் கதிரையில் ஏறி, நூலைக் கழற்றிவிட்டு இறங்கினேன். படம் இப்போது மட்டம். அவள் நேராக நிற்கிறாள். நான் சாய்ந்து நிற்கிறேன்.