பிரைவேட் நம்பர்

விமானத்தில் டிகாஸ் என்று ஒரு பெட்டி உண்டு. எதிரே இன்னொரு விமானம் வந்தால் 'டிராஃபிக், டிராஃபிக்' என்று முதலில் எச்சரிக்கும். இன்னும் நெருங்கினால் 'கிளைம்ப், கிளைம்ப்' என்று உத்தரவே போடும். ஐந்து வினாடிக்குள் பைலட் மூக்கைத் தூக்கியாக வேண்டும். 'டிகாஸ் ஆர்.ஏ.' என்று தரைக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்புறம் கட்டுப்பாட்டு அதிகாரி குறுக்கே பேசக் கூடாது.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் உபர்லிங்கன் வானில், ரஷ்ய விமானத்தின் பெட்டி ஏறச் சொன்னது. பெட்டி பேசியதே தெரியாத அதிகாரி இறங்கச் சொன்னார். பைலட்டுகள் அதிகாரி பேச்சைக் கேட்டார்கள். எதிரே வந்த சரக்கு விமானம் தன் பெட்டி பேச்சைக் கேட்டு அதுவும் இறங்கியது. 71 பேர் செத்தார்கள். அதில் 52 பேர் பிள்ளைகள். அதன் பிறகு, மனிதன் ஒன்று சொல்லி பெட்டி வேறு சொன்னால் பெட்டி சொல்வதே சட்டம் என்று விதியை இறுக்கினார்கள்.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1996 நவம்பர் 12 அன்று சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டதும், இந்திய வானில் பறக்க இந்தப் பெட்டி கட்டாயம் என்றோம். சீமான்கள் பறக்கிற இடமாயிற்றே.

செம்மங்குப்பம் தரையில் இருக்கிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் ரயில்பாதையில் ஒரு கேட். இன்டர்லாக் என்ற பூட்டு இருந்தால் கேட் மூடாமல் சிக்னல் விழாது. 2025 ஜூலை வரை இங்கே அது இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் போன் போடுவார், கேட் கீப்பர் 'மூடியாச்சு' என்று ஒரு பிரைவேட் நம்பர் சொல்வார், அதை நோட்டில் குறித்துக்கொண்டு ரயிலை விடுவார்கள். 2025 ஜூலை 8 காலையிலும் நம்பர் வந்தது என்கிறார்கள். சிதம்பர ரகசியத்தில் திரையை விலக்கினால் தங்க வில்வமாலையாவது தொங்கும். இங்கே தெரிந்தது திறந்த கேட், நடுவே பள்ளி வேன், விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர். அக்காள் தம்பி உட்பட மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள்.

கேட்டை மூடப் போனபோது வேன் டிரைவர் வற்புறுத்திக் கடந்தார் என்றது ரயில்வேயின் முதல் அறிக்கை. சுரங்கப்பாதைக்கு ஆட்சியர் ஓராண்டாக அனுமதி தரவில்லை என்றும் ரயில்வே சொன்னது. பிணம் வீடு போய்ச் சேருமுன் பழி எத்தனை ஸ்டேஷன் தாண்டிவிட்டது பாருங்கள்! கேட் கீப்பர் கைதானார். பூட்டு இல்லாத கேட்டுக்கு இத்தனை வருஷம் கையெழுத்துப் போட்டவர்கள் வழக்கம்போல ஆபீஸ் போனார்கள்.

பூட்டு ஏன் இல்லை? அதற்கொரு கணக்கு இருக்கிறது. ஒரு நாளில் ஓடும் ரயில்களையும் கேட்டைக் கடக்கும் வண்டிகளையும் பெருக்க வேண்டும். மாட்டு வண்டி ஒன்று, ஆட்டோ அரை, பள்ளி வேன் ஒன்று. வேனுக்குள் எத்தனை பிள்ளைகள் என்பது கணக்கில் சேராது. விடை இருபதாயிரத்தைத் தொட்டால்தான் பூட்டு என்றிருந்தது. மூன்று உயிர் போனதும் ரயில்வே அமைச்சர் மனமிரங்கி அதைப் பத்தாயிரமாக்கினார்.

ஆக, 9,999 தேறும் ஊர்க்காரர்கள் காலையில் பிள்ளையை வேனில் ஏற்றுமுன் கேட்டுக்கு ஒரு போன் போட்டு, நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.