பூண்டுலோயா ரொட்டியின் உள்ளூர்த் தகுதி: ஒரு விசாரணை

உண்பவர் வாழும் இடத்திலிருந்து நூறு மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீற்றருக்குள் விளைந்தவற்றையே உண்ண வேண்டும் என்று 2005ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் சில பெண்கள் விடுத்த அறைகூவல், அதை ஏற்று நடப்போருக்கு ‘லோகவோர்’ என்றொரு பெயரையும் சூட்டி, இரண்டே ஆண்டுகளில் அப்பெயர் ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதியின் ‘ஆண்டின் சொல்’ ஆகும் அளவுக்குச் செல்வாக்குப் பெற்றது. நுவரெலியா மாவட்டத்துப் பூண்டுலோயாவின் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசைக் காம்பராக்களில், பொழுது விடியுமுன் சுடப்படும் ரொட்டி இவ்விதியில் தேறுமா என்பதே இவ்விசாரணையின் பொருளாகும்.

பூண்டுலோயாவில் எது எதைத் தின்கிறது என்ற வினா புதியதன்று. இவ்வூரின் ஈட்டன் தோட்டத்தில் வாழ்ந்த பூச்சியியலாளர் எட்வர்ட் எர்னஸ்ட் கிறீன், செடிகளின் சாற்றை உறிஞ்சி வாழும் செதிற்பூச்சிகளைப் பற்றி 1896 தொடங்கி 1922 வரை ஐந்து பகுதிகளாக ஒரு பெருநூலை வெளியிட்டார். எந்தப் பூச்சி எந்தச் செடியில் வாய் வைக்கிறது என்பதைப் படங்களோடு பதிந்த அந்நூலின் எல்லைக்குள், அதே மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்பது வரவில்லை. பூச்சிநூலிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று.

ரொட்டியாவது, கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் இட்டுத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, உள்ளங்கையால் வட்டமாகத் தட்டி, காய்ந்த கல்லில் போட்டு, ஓரம் கருகுவதற்குள் புரட்டி எடுக்கப்படுவது. அதற்குத் துணையாவது செத்தல் மிளகாய் வைத்து அம்மியில் அரைத்த சம்பல். முதற்சிக்கல் மாவிலேயே எழுகிறது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் இரங்கூன் அரிசி நின்றுவிட, பங்கீட்டில் அதன் இடத்தை நிரப்ப வந்த கோதுமை மா, போர் முடிந்த பின்பும் ஊர் திரும்பவில்லை. விளைந்த இடத்தை விட்டுவிட்டு அரைத்த இடத்தைக் கணக்கில் கொள்ளலாம் என்று யாரேனும் இரக்கங்கொண்டு சலுகை காட்டினாலும் வழக்குத் தீராது. ஏனெனில் 1980 முதல் திருகோணமலையில் இயங்கிவரும் பிரிமா ஆலை பூண்டுலோயாவிலிருந்து நேர்கோட்டில் சுமார் 180 கிலோமீற்றர் தள்ளி நிற்க, கொழும்பிலுள்ள ஆலையோ 100 கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவில் இருக்கிறது. எனவே கொழும்பு மாவில் சுட்டது உள்ளூர் ரொட்டி என்றும் திருகோணமலை மாவில் சுட்டது வெளியூர் ரொட்டி என்றும் கொள்ள நேரும். கல்லில் இரண்டும் ஒரே மாதிரித்தான் புரளுகின்றன.

குருநாகல் தேங்காயும் அம்பாந்தோட்டை உப்பும் தேறுகின்றன. செத்தல் மிளகாயின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, அதாவது அதை அரைப்பவரின் பாட்டன் பூட்டன்மார் வந்த அதே கடலைக் கடந்து வருவதால், தேறுவதில்லை. பிறந்த தொலைவைக் கொண்டு தகுதியை நிறுக்கும் இம்முறையை மிளகாய்க்கு முன்னரே மனிதர் மீது பிரயோகித்துப் பார்த்தவர்கள் இந்நாட்டில் உண்டு. லட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவ்வகைப்பட்டது. எனினும் அது உணவியலின் பாற்படாது.

மரக்கறி விடயத்தில் விதி மிகவும் தாராளமானது. நுவரெலியாவில் பிடுங்கிய கரட் லொறியேறித் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய், விலை பேசப்பட்டு, வேறொரு லொறியில் மீண்டும் மலையேறி வந்தாலும், வட்டத்தை விட்டு வெளியே காலெடுத்து வைக்காத காரணத்தால் முழு மதிப்பெண் பெறுகிறது. தேயிலையின் நிலை இதற்கு நேர்மாறானது. காம்பராவின் வாசலிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை அதுவே நிற்கிறது. ஆயினும் தொழிற்சாலையில் சலித்துத் தரம் பிரித்தபின் நல்லவை 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்துக்கும் அங்கிருந்து கப்பலுக்கும் போய்விட, லயத்துக் கோப்பையில் சாயமாவது மாதந்தோறும் தோட்டம் கொடுக்கும் தூளே.

எவ்வித ஐயத்துக்கும் இடமின்றித் தேறுவது அடுப்பில் எரியும் மிலாறு ஒன்றுதான். மிலாறாவது, கவ்வாத்தின்போது, அதாவது தேயிலைச் செடியைத் தாழ வெட்டி மீண்டும் துளிர்க்க விடும்போது, விழுகின்ற வாதுகள். வேலை முடிந்து திரும்புவோர் அவற்றைக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருவதால், போக்குவரத்துச் செலவும் இல்லை. மிலாறு உணவன்று என்று ஆட்சேபம் கிளப்பப்படுமாயின், பட்டியலில் எஞ்சுவன தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணீர், தம்புள்ளை போய்வந்த கரட் ஆகியனவே. இவற்றை மட்டும் பிசைந்து ரொட்டி தட்டக்கூடிய எவரும் பூண்டுலோயாவில் இதுவரை அகப்படவில்லை.