ஸ்கார்பரோவில் ஏற்காட்டுக் குடும்பம்: ஊரில் இருப்போருக்கு ஒரு விளக்கம்

ஏற்காட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன குடும்பம் முதலில் பறிகொடுப்பது, குளிரைப் பற்றிப் பேசும் உரிமையை. இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, சுமார் 1500 மீட்டர் உயரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பதால் சேலத்துச் சொந்தக்காரர்களிடம் இவர்களுக்கு எப்போதுமே ஒரு மிதப்பு உண்டு. மே மாதத்தில் கீழே வெந்துகொண்டிருப்பவர்களுக்குப் போன் போட்டு, "எங்களுக்கு ஃபேனே தேவைப்படலைங்க" என்று சொல்வது இக்குடும்பத்தின் பரம்பரைப் பொழுதுபோக்கு. டிசம்பரில் பன்னிரண்டு பதிமூன்று டிகிரிக்கு இறங்கினால் குரங்குக் குல்லாயும் மப்ளரும் பீரோவை விட்டு வெளியே வரும். ஸ்கார்பரோ இருக்கும் டொரண்டோவில் அதே பதிமூன்று டிகிரி வந்தால், பக்கத்து வீட்டுக்காரர் அரை டவுசரோடு கொல்லையில் நின்று இறைச்சி சுட்டுக்கொண்டிருப்பார். ஜனவரி இரவுகள் சில மைனஸ் இருபதைத் தொடும் ஊரில், "எங்க ஊரும் குளிர்பிரதேசம்தான்" என்று குடும்பத் தலைவர் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். எதிரில் இருப்பவர் எத்தனை டிகிரி என்று கேட்பார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

உயரத்தில் மட்டும் பெருமை மிச்சம் இருக்கிறது. டொரண்டோ ஒண்டாரியோ ஏரிக்கரையில் இருக்கும் ஊர். அந்த ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு 75 மீட்டர் மேலே, அவ்வளவுதான். ஊருக்கே அடையாளமான சி.என். கோபுரம் 553 மீட்டர். அப்படி இரண்டு கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் நுனி ஏற்காட்டுப் படகுத்துறையை எட்டாது. இந்தக் கணக்கு வருகிற விருந்தாளிகள் எல்லோருக்கும், கோபுரத்தைச் சுற்றிக் காட்டும்போதே சொல்லப்படுகிறது. ஏரிக் கணக்கில் தோல்வி. ஏற்காட்டில் படகில் போகிறவர் யார் வீட்டு மாப்பிள்ளை என்று கரையில் இருந்தே சொல்லிவிடலாம். ஒண்டாரியோ ஏரி ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீட்டர். எதிர்க்கரையே கண்ணுக்குத் தெரியாது. அருவியில் மறுபடி வெற்றி: நயாகராவின் குதிரைலாட அருவி 57 மீட்டர் உயரம், கிளியூர் அருவி 300 அடி என்பதால் அதைவிட முப்பது மீட்டருக்கு மேல் கூடுதல். கிளியூரில் எந்த மாதங்களில் தண்ணீர் விழும் என்ற விவரம் கேட்டால் மட்டுமே தரப்படும்.

வீட்டு அன்றாடம் மாவில் தொடங்குகிறது. குளிர்காலத்தில் இட்லி மாவு தானாகப் புளிக்காது என்பதால், இரவு முழுவதும் ஓவன் அடுப்புக்குள் விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்துவிடுவது இங்குள்ள தமிழ் வீடுகளின் வழக்கம். காலையில் யாராவது மறந்துபோய் அடுப்பைச் சூடேற்றிவிட்டால் அன்றைக்கு வீட்டில் ஒரே பெரிய இட்லி. தாளிக்கும் வாசனையை வீட்டுக் கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி எதிர்ப்புத் தெரிவித்து வரவேற்கும். ஆகவே மிளகாய் பஜ்ஜி போடுகிற நாளில் ஒருவர் அடுப்படியிலும், இன்னொருவர் கருவிக்குக் கீழே துண்டை விசிறியபடியும் நிற்பது வேலைப் பங்கீடு. மருமகன்களுக்குத் துண்டு வேலை.

காபி விஷயம் கொஞ்சம் வேதனையானது. சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் என்பார்கள். அன்றிலிருந்து தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலில் பழம் பறித்து, களத்தில் காயப்போட்டு, வீட்டிலேயே வறுத்து அரைத்துக் குடித்த வம்சம் இது. அந்த வம்சத்தின் வாரிசு காலை ஏழு மணிக்குக் காரை வரிசையில் நிறுத்தி, ஜன்னல் வழியாக 'டபுள் டபுள்' கேட்டு வாங்கி, காகிதக் குவளையில் குடித்துக்கொண்டே வேலைக்குப் போகிறார். கிரீம் இரண்டு, சர்க்கரை இரண்டு என்பது அதன் பொருள். காபிக்கு அளவு சொல்லப்படுவதில்லை, இருப்பதாக நம்பப்படுகிறது. ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் இந்தப் பத்தியை வாசித்துக் காட்ட வேண்டியதில்லை.

பண்டிகைகளுக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏற்காட்டுக்காரர்களுக்கு விடுமுறை கொண்டாடிப் பழக்கம் கிடையாது. மே மாதக் கோடை விழா, அண்ணா பூங்கா மலர்க்கண்காட்சி, நாய்கள் கண்காட்சி, படகுப்போட்டி எல்லாம் மற்றவர்களின் விடுமுறை. 'சீசன்' என்று ஊரில் சொன்னால் அது வேலை: அறை வாடகைக்கு விடுவது, பஜ்ஜி போடுவது, வழி சொல்வது, வளைவில் வாந்தி எடுத்த பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பது. லேடீஸ் சீட்டில் உட்கார்ந்து கீழே சேலத்து விளக்குகளை ரசித்த ஏற்காட்டுக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது சந்தேகம்தான். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஒண்டாரியோ மாகாணம் வரிசையாக விடுமுறைகளைக் கையில் கொடுத்து, போய்க் கொண்டாடுங்கள் என்கிறது. என்ன செய்வதென்று தெரியாத குடும்பம் வீட்டுக்குள் உட்கார்ந்து படம் பார்க்கிறது.

வருடம் பொங்கலில் தொடங்கும். 2016-இல் கனடா நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று ஏற்றுக்கொண்டது; ஆகவே வேட்டி கட்டுவதற்கு அரசு அங்கீகாரம் இருக்கிறது. வேட்டிக்கு உள்ளே என்ன போட வேண்டும் என்பதை அரசு சொல்லவில்லை. கம்பளிக் காலுறையும் உள்ளாடையும் போட்டு அதற்கு மேல் வேட்டி கட்டியவர், கோயில் நிறுத்துமிடத்தில் கார்க் கதவில் வேட்டி மாட்டிக்கொள்ள, சற்று நேரம் அப்படியே நிற்பார். பொங்கல் பானை வீட்டுக்குள் மின்னடுப்பில் பொங்கும். சூரியனுக்குப் படைப்பது ஜன்னல் வழியாக. அன்றைக்கு அவர் வந்தால்.

பிப்ரவரியின் மூன்றாவது திங்கள்கிழமை குடும்ப நாள். ஒண்டாரியோவில் 2008 முதல் இதற்கு விடுமுறை உண்டு. குடும்பத்தோடு இருக்க ஒரு நாளை அரசாங்கம் ஒதுக்கித் தருகிறது என்று கேள்விப்பட்டு, விருந்தாளியாக வந்திருக்கும் அப்பாயி, "மீதி நாளெல்லாம் யாரோட இருக்கச் சொல்றாங்க?" என்று கேட்பார். மார்ச்சில் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். ஊருக்கும் இங்கும் பத்தரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் ஒன்பதரை ஆகிவிடும். இதை ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை. நவம்பர் முதல் ஞாயிறில் அது மறுபடி மாறும்வரை விடியற்காலைப் போன் அழைப்புகள் ஒரு மணி நேரம் தவறிக்கொண்டே இருக்கும்.

மே மாதம் அப்பாயிக்கு இருப்புக் கொள்ளாத மாதம். சேர்வராயன் கோயில் திருவிழா அப்போதுதான். மலை உச்சியில், குகைக்குள் குனிந்து போய்ச் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட, சுற்றுக் கிராமங்களில் இருந்து மலையாளிப் பழங்குடி மக்கள் திரண்டு வருவார்கள். சூப்பர் விசாவில் வந்த பெற்றோர் ஒரே வருகையில் ஐந்து ஆண்டுவரை தங்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. இந்தச் சலுகையை அப்பாயிக்கு விளக்கிச் சொன்னால் அவர் அதைத் தண்டனைக் காலம் என்று புரிந்துகொள்கிறார்.

ஜூன் கடைசியில் பள்ளிகள் மூடினால் செப்டம்பர் முதல் திங்கள் கழிந்துதான் திறக்கும். ஆகஸ்ட் இறுதியில் மார்க்கம் சாலையில் 2015 முதல் தமிழர் தெருவிழா நடக்கிறது; கொத்துரொட்டிச் சத்தமும் கூட்டமும் நிஜமாகவே நன்றாக இருக்கும். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களே பெரும்பான்மை. "ஊரில எவடம்?" என்று அவர்கள் கேட்க, "சேலத்துக்குப் பக்கம்" என்று இவர்கள் சொல்ல, "ஏற்காடோ? படத்தில பாத்திருக்கிறன்" என்று பதில் வந்தால் குடும்பத் தலைவர் அன்றைக்கு ஒரு ரொட்டி கூடுதலாகச் சாப்பிடுவார்.

அக்டோபர் 31 இரவு ஹாலோவீன். பேய், எலும்புக்கூடு வேடத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பையோடு வந்து மிட்டாய் கேட்பார்கள். உறையில் அடைத்த மிட்டாய் மட்டுமே செல்லும் என்பது தெரியாத அப்பாயி, கைமுறுக்கு தந்து அனுப்பினார். வாங்கிய எலும்புக்கூடு அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வளையலாக மாட்டிக்கொண்டு போயிற்று.

தீபாவளிக்கு இங்கே அரசு விடுமுறை இல்லை. கால நிர்ணயமும் சிக்கலானது. ஏற்காட்டில் தீபாவளி விடியும்போது டொரண்டோவில் முதல் நாள் இரவு. நரகாசுரன் இந்திய நேரப்படி செத்தவன் என்பது அப்பாயியின் கட்சி. எண்ணெய்க் குளியல் கனடா நேரத்தில், தொலைக்காட்சிப் பட்டிமன்றம் இந்திய நேரத்தில் என்று சமரசம் ஏற்பட்டிருக்கிறது. டிசம்பரில் கிறிஸ்துமஸ். ஏற்காட்டில் 1853-ஆம் ஆண்டு தேவாலயமும் பழைய கான்வென்ட்டுகளும் இருப்பதால் எந்த மதத்துக் குடும்பத்துக்கும் இது புதிதில்லை. அங்கே குடிலின் மேல் பஞ்சை ஒட்டிப் பனி செய்வார்கள். இங்கே நிஜப் பனியை வாசலில் இருந்து மண்வாரி போன்ற ஒன்றால் அள்ளி அள்ளி ஓரத்தில் கொட்ட வேண்டும். பஞ்சே மேல் என்பதில் குடும்பத்தில் கருத்து வேறுபாடு இல்லை.

இனி படம். ஸ்கார்பரோ வீடுகளுக்கு அடித்தள அறை உண்டு. அங்கே பழைய சோபா, பெரிய தொலைக்காட்சி, யாரும் ஓடாத ஓட்டப்பயிற்சி இயந்திரம் ஆகியவை இருக்கும். இயந்திரத்தின் மேல் ஜாக்கெட்டுகள் காயும். சனிக்கிழமை இரவு எல்லோரும் இறங்கி வருவார்கள். திரையரங்கில் ஓடிய தமிழ்ப்படம் பல சமயம் நான்கே வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. எந்தப் படம் என்று தேர்ந்தெடுக்க ஆகும் நேரத்தில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பார்த்தே முடித்துவிடலாம்.

சினிமா விஷயத்தில் இக்குடும்பத்துக்கு நியாயமான பெருமை ஒன்று இருக்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், சேலத்தில் ஏற்காடு மலையடிவாரச் சாலையில்தான் இருந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938-இல் அங்கிருந்து வந்தது. 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழில் முதல் முழுநீள வண்ணப்படமாக வந்ததும் அங்கிருந்தே. ஸ்டுடியோ போய்விட்டது, நுழைவாயில் வளைவு மட்டும் சாலையோரம் நிற்கிறது. இதன் விளைவாக, பழைய படம் எதில் மலையும் குதிரையும் வந்தாலும் அப்பாயி, "இது நம்ம ஊரு" என்று அறிவிப்பார். பின்னணியில் கடல் தெரிந்தால்கூட விட்டுக்கொடுப்பதில்லை. பாட்டுக் காட்சியில் கதாநாயகி மெல்லிய சேலையில் பனியில் உருண்டால், இப்போது குடும்பமே பதறுகிறது. நாயகனைப் பற்றிக் கவலை இல்லை, அவனுக்குக் கோட்டு இருக்கிறது.

ஊரில் படம் பார்த்த விதம் வேறு. வீடியோ டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து வந்து, எஸ்டேட் லைன் வாசலில் வைத்து, விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். இரண்டாவது படத்துக்குள் காற்று கிளம்பி, எங்கேயோ ஒரு சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்து, கரண்ட் போகும். மறுநாள் டெக்கைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இதனால் குடும்பத்தின் சினிமா அறிவு பல படங்களில் இடைவேளையோடு நின்றுபோயிருக்கிறது. மிச்சக் கதையை அவரவர் சொல்லி முடித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் சித்தப்பா சொல்வதே முடிவாக ஏற்கப்படும். அந்த முடிவுகளே படங்களின் நிஜ முடிவுகளாக வீட்டில் நிலைத்துவிட்டன.

இப்போது இங்கே கரண்ட் போவது அபூர்வம். ஆகவே அந்தப் பாதிப் படங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து முடிப்பது குளிர்கால வேலையாகியிருக்கிறது. முடிவுகள் ஏமாற்றம் தருகின்றன. செத்துவிட்டதாகச் சித்தப்பா சொல்லியிருந்த தங்கச்சி கடைசிவரை உயிரோடு இருக்கிறாள். திருந்திவிட்டதாகச் சொல்லியிருந்த பண்ணையார் ஜெயிலுக்குப் போகிறார். சித்தப்பாவின் திரைக்கதைகளே மேல் என்று பிள்ளைகள் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தகவலை அவரிடம் பக்குவமாகச் சொல்லவும். நேரடியாகச் சொன்னால் எல்லாவற்றையும் முதலில் இருந்து ஆரம்பித்துவிடுவார்.

அடுத்து வருகிறவரிடம் கொடுத்தனுப்ப வேண்டியவை: சிக்கரி சேராத காபித்தூள், மிளகு, அப்பாயியின் பழைய குரங்குக் குல்லாய். இங்கே கடையில் விற்பவை காதை மூடுவதில்லை என்கிறார். வறுத்து அரைத்த தூளுக்குத் தடை கிடையாது. மண்ணோடு செடி கொண்டுவர அனுமதி இல்லை. எனவே மிளகுக் கொடியைப் பெட்டியில் வைக்கும் யோசனை கைவிடப்பட வேண்டும். கூடவே ஒரு தகவலும் தேவை. பாதியில் நின்ற படங்களில் ஒன்றின் பெயர் யாருக்கும் நினைவில்லை. கறுப்பு வெள்ளைப் படம். அண்ணன் ரயில் ஏறுகிறான், தம்பி கடிதத்தோடு பிளாட்பாரத்தில் ஓடிவருகிறான், கரண்ட் போய்விட்டது. பெயர் தெரிந்தவர்கள் சொல்லவும். சித்தப்பாவிடம் கேட்க வேண்டாம்.