பொறையாற்றுச் சித்தியின் பிறவிகள்: மாநிலந்தோறும் பதிவு குறித்து ஓர் ஆய்வு

உயிர் ஒன்று, உடல் பல என்ற கொள்கையை நம் தத்துவ மரபு கண்டுபிடித்து வெகுகாலம் ஆகிறது. அதற்கு இணையதளத்தில் படிவம் வகுத்து, தாமதித்தால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கட்டணமும் விதித்த பெருமை, 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தையே சாரும். இச்சட்டத்துக்கு இதுவரை உரை கண்டவர்கள் பெரும்பாலும் ஆடிட்டர்கள். அவ்வுரைகளில் கட்டண நோக்கு மிகுதி, மெய்யியல் நோக்கு குறைவு. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் பணி.

ஆய்வுப் பொருளாக ஒரு சித்தியை எடுத்துக்கொள்கிறோம். கற்பனைச் சித்திதான், ஆனால் தெருவுக்கு ஒருவர் அப்படி இருப்பதால் சான்றுக்குப் பஞ்சமில்லை. ஊர், மயிலாடுதுறை மாவட்டத்துப் பொறையாறு. தொழில், இட்லிப்பொடியும் பருப்புப்பொடியும். கடை, கைப்பேசிக்குள் இருக்கிறது. பொறையாற்றைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நண்டலாற்றைத் தாண்டினால் காரைக்கால். காரைக்காலோ புதுச்சேரி ஒன்றியப் பகுதி. நம் கோட்பாட்டைச் சோதிக்க இதைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் தென்னாட்டில் வேறு இல்லை.

சித்தி தமிழ்நாட்டுக்குள் பொடி விற்கும்வரை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவு வேண்டாம். கன்னியாகுமரிக்கும் அனுப்பலாம், ஓசூருக்கும் அனுப்பலாம். ஆனால் காரைக்காலில் இருக்கும் நாத்தனாரின் சிநேகிதிக்கு அரைக் கிலோ அனுப்பினால் அது மாநிலம் கடந்த விற்பனை. சட்டத்தின் 24ஆம் பிரிவு விழித்துக்கொள்கிறது. இனி 40 லட்சம் என்ற பேச்சே இல்லை. அந்த அரைக் கிலோவுக்காகப் பதிவு கட்டாயம். மறுபுறம், காரைக்காலில் பொடி விற்கும் இன்னொரு சித்தி (இவரும் கற்பனையே) கேரளத்துக்குள் கிடக்கும் மாஹேவுக்கும், ஆந்திரத்துக்குள் கிடக்கும் ஏனாமுக்கும் 20 லட்சம் வரை பதிவே இல்லாமல் விற்கலாம். நான்கு துண்டும் புதுச்சேரிதான். பொட்டலம் வழியில் கடக்கும் மாநிலங்கள் கணக்கில் வரா. வரிச்சட்டத்தில் தூரம் என்பது கிலோமீட்டரால் அளக்கப்படுவதில்லை என்ற நம் முதல் முடிவு இதனால் நிறுவப்படுகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைத் தொடாமல் போக முடியாது. அந்தச் சிநேகிதியே பேருந்து ஏறிப் பொறையாறு வந்து, திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்து, பொடியை வாங்கிப் போனால்? 2023 அக்டோபர் 1 முதல் வந்த திருத்தத்தின்படி, பதிவு பெறாத ஒருவருக்கு விற்கும்போது பில்லில் அவருடைய முகவரியோ மாநிலத்தின் பெயரோ எழுதினால் விற்பனை நடந்த இடம் அந்த மாநிலம். எதுவும் எழுதாவிட்டால் விற்றவர் இருக்கும் இடம். ஆகவே பொட்டலம் ஆற்றைக் கடந்ததா என்பதைத் தீர்மானிப்பது பேனா. முகவரி கேட்காத விருந்தோம்பல் பண்புக்குச் சட்டத்திலேயே இடம் இருப்பதைப் பண்பாட்டு ஆய்வாளர்கள் குறித்துக்கொள்ளலாம்.

விலக்குகளும் உண்டு. அவை இன்னும் சுவையானவை. சித்தி கூடை பின்னியிருந்தால் அது கைவினைப் பொருள். மாநிலம் தாண்டி விற்றாலும் 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை. பொடி, அம்மியில் அரைத்தாலும் கைவினைப் பொருள் ஆகாது. அதே சித்தி பெங்களூருப் பெண்களுக்குப் பொடி அரைப்பது எப்படி என்று காணொளியில் வகுப்பு எடுத்தால் அது சேவை; அதற்கும் 20 லட்சம் வரை பதிவு வேண்டாம். அரைக்கும் ஞானம் எல்லையைத் தடையின்றிக் கடக்கும், அரைத்த பொடி கடக்காது. ஞானமே பெரிது என்ற மரபான கருத்துக்கு இப்படியோர் எதிர்பாராத இடத்தில் ஆதரவு கிடைக்கிறது.

ஆக, சித்தி ஜிஎஸ்டி நம்பர் எடுக்கிறார். இனி அந்த எண்ணின் உடற்கூறு. மொத்தம் 15 எழுத்துகள். முதல் இரண்டும் மாநிலம்: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34, கர்நாடகம் 29, தெலங்கானா 36. அடுத்த பத்தும் பான் எண், அதுவே உயிர். அதன் நான்காம் எழுத்து ‘பி’ என்றால் மனிதப் பிறவி, ‘சி’ என்றால் கம்பெனி. பதின்மூன்றாம் இடம், அதே மாநிலத்தில் இந்த உயிருக்கு இது எத்தனையாவது உடல் என்று சொல்வது. பதினான்காவது வழக்கமாக ‘இசட்’. பிற்காலத் தேவைக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பிற்காலம் இன்னும் வரவில்லை. கடைசி எழுத்து, முன்னுள்ளவை பிழையின்றி எழுதப்பட்டனவா என்று காவல் காப்பது.

பிறப்பதற்குப் பணம் கட்ட வேண்டாம், பதிவு இலவசம். ஆனால் வீடு இருப்பதற்கு மின்கட்டண ரசீது வேண்டும். நம் ஊர்களில் அந்த ரசீது பெரும்பாலும் காலமான மாமனார் பெயரில்தான் வருகிறது. மறைந்தவர் பெயரில் மின்சாரம், இருப்பவர் பெயரில் பொடி; இரண்டுக்கும் நடுவே ஒரு சம்மதக் கடிதம். சம்மதிக்க வேண்டியவர் சுவரில் மாலையோடு இருப்பதால் வாரிசுச் சான்றிதழ் வரை தேட வேண்டியதாகிறது. இந்தப் பகுதியைப் பற்றி ஆடிட்டர்களின் உரைகள் சுருக்கமாகவே பேசுகின்றன. காரணம் புரிகிறது.

இதுவரை சொன்னது ஒரு பிறவி. ஆய்வின் உயிர்நிலை இனிமேல்தான். பொடி நன்றாகப் போகிறது. இணைய விற்பனைத் தளம் ஒன்று, பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும் உள்ள எங்கள் கிடங்குகளில் சரக்கை வையுங்கள், மறுநாளே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்கிறது. பொறையாற்றில் இருந்தபடியே இந்தியா முழுதும் அனுப்ப 33 ஒன்றே போதும். ஆனால் சரக்கு எந்த மாநிலத்தில் உறங்குகிறதோ அந்த மாநிலத்தில் சித்தி பிறந்தாக வேண்டும். எனவே 29 ஒன்று, 36 ஒன்று. தளத்தின் கிடங்கைக் கூடுதல் இடமாகச் சேர்க்கலாம். முதன்மை இடம் என்று அந்த மாநிலத்திலேயே ஒரு முகவரி கேட்பார்கள். அதற்கென்றே மாநகரங்களில் வாடகைக்கு முகவரி தரும் அலுவலகங்கள் இருக்கின்றன. 18ஆவது விதிப்படி நுழைவாயிலில் எண்ணுடன் பெயர்ப்பலகை வேண்டும். சித்தி பார்த்தேயிராத ஒரு கட்டடத்தில், ஆள் உட்காராத ஒரு மேசைக்காகச் சித்தியின் பெயர் சுவரில் தொங்குகிறது.

“பெங்களூருல இருக்கிற பொடியும் நான் அரைச்சதுதானே தம்பி?”

“அரைச்சது நீங்கதாம்மா. ஆனா சட்டப்படி அங்க இருக்கிறது வேற ஆளு.”

ஆடிட்டர் சொன்னது 25ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு. ஒரே ஆள் பல பதிவுகள் பெற்றால், ஒவ்வொரு பதிவும் தனித்தனி நபர். ஆகவே பொறையாற்றுச் சித்தி பெங்களூருச் சித்திக்குப் பொடி அனுப்பினால் அது விற்பனைக்கு ஒப்பானது. தமக்குத் தாமே பில் போட வேண்டும். ஒருங்கிணைந்த வரி கட்ட வேண்டும். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும். விலை என்ன? இதற்கு 28ஆவது விதி சொல்லும் விடையைப் படித்துவிட்டு இந்த ஆய்வாளர் சற்று நேரம் எழுதுவதை நிறுத்திவிட்டார். வாங்குபவருக்கு முழு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த வரியை, தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை) கிடைக்குமானால், பில்லில் எழுதிய விலையே சந்தை விலை என்று கொள்ளப்படும். தம்மிடமே பேரம் பேசி, தாமே படியாமல், தாமே இறங்கி வந்து, சித்தி எந்த விலையிலும் முடிக்கலாம்.

இதில் வேடிக்கை குறைந்து எரிச்சல் தொடங்கும் இடமும் உண்டு. 29இன் கணக்கில் தேங்கிய வரவை 33இன் பாக்கிக்கு எடுக்க முடியாது. மாநிலத்துக்கு உரிய பங்கென்றால் ஒப்புக்கொள்ளலாம். மத்திய அரசுக்குப் போகும் பங்குக்கும் இதே கதி. இரண்டு கணக்கின் பணமும் போய்ச் சேர்வது ஒரே கஜானா, கட்டியது ஒரே சித்தி. ஆனாலும் ஒரு சித்தியின் மிச்சம் இன்னொரு சித்திக்கு உதவாது. விற்பனையே இல்லாத மாதத்திலும் ஒவ்வொரு சித்தியும் ரிட்டர்ன் போட வேண்டும். மறந்தால், ஒன்றும் விற்காத கணக்குக்கும் நாளொன்றுக்கு 20 ரூபாய். பெரிய கம்பெனிக்கு இதைப் பார்க்க ஒரு தளம் முழுக்க ஆட்கள். சித்திக்குச் சித்தியின் மகள், அதுவும் கல்லூரி விட்டு வந்தபிறகு.

எதிர்தரப்பும் உண்டென்பதை நேர்மையான ஆய்வு மறைக்கக்கூடாது. சிறு குறு நிறுவனங்களுக்கு 2020 ஜூலை முதல் வழங்கப்படும் உத்யம் பதிவு, ஒரு நிறுவனத்துக்கு நாடு முழுமைக்கும் ஒன்றுதான். எத்தனை ஊரில் கிளை இருந்தாலும் அதிலேயே அடங்கும். ஒரே அரசின் இரண்டு அலுவலகங்களில் ஒன்று அத்வைதம், மற்றொன்று துவைதம். இரண்டுக்கும் அதே பான் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும்.

எஞ்சியிருப்பது முக்தி. பெங்களூரு வியாபாரம் கட்டுப்படியாகவில்லை என்று 29ஐ ரத்து செய்ய விண்ணப்பித்தால், ரத்தானபின் மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் போட வேண்டும். கடைசி நாளில் இருப்பில் இருந்த சரக்குக்குக் கணக்குச் சொல்லி, அதன்மேல் எடுத்த வரவு, அதை விற்றால் வரும் வரி இரண்டில் எது கூடுதலோ அதைக் கட்ட வேண்டும். அதைத் தவிர்க்க விரும்பினால், பெங்களூருச் சித்தி மீதப் பொடியைப் பொறையாற்றுச் சித்திக்குப் பில் போட்டு விற்றுவிடலாம். அதற்குள் பொடி காலாவதியாகிவிட்டால் விற்க வழியில்லை. அப்போது, முதலில் பொறையாற்றுச் சித்தி வசூலித்த வரிக்குப் பெங்களூருச் சித்தி எடுத்த வரவு செல்லாது. அதை அவர்தான் கட்டியாக வேண்டும். இருவரில் எவர் பெயரில் பணத்தை எடுத்தாலும் வங்கிக் குறுஞ்செய்தி ஒரே கைப்பேசிக்குத்தான் வருகிறது.