காரம் யாருக்காக?

கேள்வி: மிளகாய்க்கு எதற்கு இவ்வளவு காரம்?

பதில்: நிச்சயமாக நம் சட்னிக்காக இல்லை! பொலிவியக் காட்டு மிளகாயில் ஒரே இனத்திலேயே காரமான செடியும் உண்டு, காரமற்ற செடியும் உண்டு. பூச்சிகள் பழத்தில் துளையிட, அதன் வழியே ஃபுசேரியம் பூஞ்சை நுழைந்து விதையை அழிக்கும். காரம் தரும் கேப்சைசின் என்ற பொருள் அந்தப் பூஞ்சையைத் தடுக்கிறது. பூச்சி மிகுந்த இடங்களில் காரச் செடிகளே அதிகம் என்று ஆய்வாளர் ஜோஷுவா டியூக்ஸ்பரியின் குழு 2008இல் காட்டியது. காரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. எலிக்கு வாய் எரியும். நல்லதே, அது மென்ற விதை முளைக்காது. பறவைக்கு எரிவதே இல்லை. விழுங்கிப் பறந்து, விதையை முழுசாக எங்கோ போடும். ஆளறிந்து விருந்து வைக்கும் செடி! அப்படியானால் எல்லாச் செடியும் ஏன் காரமாகவில்லை? தண்ணீர் தட்டுப்பட்டால் காரச் செடி, காரமற்றது தருவதில் பாதி விதைதான் தரும்.