மாடி யாருக்குச் சொந்தம்?

மயிலாப்பூரில் தாத்தா கட்டியது மெட்ராஸ் டெரஸ் வீடு. தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்தவைத்து மூலைவாட்டமாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, மேலே தட்டோடு பதித்த கூரை. வெயில் அதைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். உள்ளே சேர்ந்த சூடு முற்றத்து வழியாக மேலே போய்விடும்.

சுற்றுச்சூழல் பற்றித் தாத்தாவுக்குக் கொள்கை எதுவும் கிடையாது. கரண்டு பில் ஆகாது, அவ்வளவுதான். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால், "எவன் அப்பன் வீட்டுக் காசு?" என்பார். எங்கள் அப்பனின் அப்பன் வீட்டுக் காசுதான். சொல்லத் தைரியம் வராது.

பாட்டியைக் கேட்டால் வேறு கதை. கூடத்தின் குளுமை அடுப்படிக்கு எட்டியதில்லை. விறகுப் புகையில் கண் எரிய நின்றவள் அவள். கிணற்றில் இறைத்தவளும் அவளே.

பாகம் பிரிந்து, அதே மனையில் இப்போது நாலு மாடிக் குடியிருப்பு. அரையடிகூட இல்லாத கான்கிரீட் கூரை, பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரியில் நிதானமாக எங்கள் மேல் இறக்குகிறது. மேற்கு பார்த்த ஹாலுக்கு ஆளுயரக் கண்ணாடி, கண்ணாடியை மறைக்கத் திரை, திரைக்கு இந்தப் பக்கம் ஏசி. விளம்பரத்தில் இதற்குப் பெயர் 'பசுமை இல்லம்'. 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பும் உண்டு. குழாய் ஒழுங்காகக் குழிக்குப் போகிறது. குழியின் வாயைத்தான் யாரோ சிமெண்ட் பூசிக் கார் நிறுத்தமாக்கிவிட்டார்கள்.

2024இல் மத்திய அரசின் சூரிய மின் திட்டம் வந்தது. குடியிருப்போர் சங்கம் பொது உபயோகத்துக்குப் பேனல் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். லிஃப்டும் மோட்டாரும் வெயிலிலேயே ஓடும் என்று செயலாளர் மொட்டை மாடியில் கூட்டம் போட்டார்.

"நான் லிஃப்டில் ஏறுவதே இல்லையே, எதற்குப் பங்கு?" என்றார் தரைத்தளத்துக்காரர். "பேனல் நிழலில் மேல்வீடு குளிரும். அவர் ரெண்டு பங்கு கொடுக்கட்டும்." மேல்வீட்டுக்காரர், இத்தனை வருஷம் எல்லோருக்குமாகத் தான் ஒருவரே வெயில் தாங்கியதற்கு நஷ்டஈடு கேட்டார். வடாம் எங்கே காயப்போடுவது என்று ஒரு மாமி கேட்டதற்கு எந்த வழிகாட்டு நெறிமுறையிலும் பதிலில்லை.

கடைசியில் ஒரு தீர்மானம் மட்டும் ஏகமனதாக நிறைவேறியது: மாடியில் சூடு தாங்கவில்லை, அடுத்த கூட்டத்தை ஏசி இருக்கிற வீட்டில் வைத்துக்கொள்வது.