படை உண்டு, பகை இல்லை

கி.பி. 40,000-க்குப் பிறகு மனித குலத்தைக் காக்கப் போகும் படை, இப்போதைக்கு நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் முகாமிட்டிருக்கிறது. எல்லைக்கோட்டை வகுத்தவள் என் மனைவி. தட்டு வந்தால் படை பின்வாங்க வேண்டும். இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்கு: 1987-இல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் கம்பெனி 'வார்ஹாமர் 40,000' என்ற மேஜைப் போர் விளையாட்டைக் கொண்டுவந்தது. வீரர்கள் 28 மில்லிமீட்டர் கணக்கில் வார்த்த பொம்மைகள். பிளாஸ்டிக் சட்டத்தில் தலை தனி, கை தனி, துப்பாக்கி தனி என்று வரும். வெட்டி எடுத்து, ஒட்டி, பெயின்ட் அடித்து, மேஜையில் நிறுத்தி, டேப் பிடித்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். இதில் பெயின்ட் வரைக்கும் நான் வந்துவிட்டேன். சண்டைக்கு இன்னொருவர் வேண்டுமே! பெட்டியை வாங்கிவந்த மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். குடியிருப்பு முழுக்க வட்டம் வட்டமாகத் தேடியும் எதிரி என்று சொல்லிக்கொள்ள ஒருவர் அகப்படவில்லை. நல்ல ஊரில் குடியிருந்தால் இதுதான் தொல்லை.

"இந்த வயசில் பொம்மையா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எச்.ஜி. வெல்ஸைத் தயாராக வைத்திருக்கிறேன். 1898-இல் செவ்வாய்க் கிரகத்தாரை இங்கிலாந்தின் மேல் ஏவிவிட்ட அதே வெல்ஸ்தான், 1913-இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்துத் தரையில் ஆடும் போருக்கு 'லிட்டில் வார்ஸ்' என்று விதிப் புத்தகமே போட்டார். பெரிய மனிதர்கள் நிஜப் போரை விட்டுவிட்டு இதை ஆடிப் பார்க்கட்டும் என்பது அவர் கட்சி. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறு வருஷமே முதல் உலகப் போர் வந்துவிட்டது. இதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட என் மனைவி, "அவர் தரையிலேதானே ஆடினாரு? சாப்பாட்டு மேஜையை விட்டுட்டாரில்ல?" என்றாள்.

பெட்டியில் வந்தபடியே வீரனை ஒட்டிவைப்பது கத்துக்குட்டிகளின் வேலை. தேர்ந்தவர்கள் கன்வர்ஷன் செய்வார்கள். ஒருவன் தலை, இன்னொருவன் உடல், மூன்றாமவன் கை, மிச்சத்துக்கு வீட்டுச் சாமான். இந்தக் கலைக்கு நெய்வேலியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஊரே ஒரு கன்வர்ஷன்தானே? நிலக்கரிச் சுரங்கத் திட்டத்துக்கு ஆலோசனை இங்கிலாந்துக்காரர்களுடையது. மண் வெட்டும் சக்கர எந்திரங்கள் மேற்கு ஜெர்மனி. 1962-இல் மின்சாரம் தர ஆரம்பித்த முதல் அனல்மின் நிலையம் சோவியத் ரஷ்யா. வெளியே பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது, எதிரெதிர் அணிப் பெட்டிகளிலிருந்து உறுப்புகளை எடுத்துத் தென்னாற்காட்டுச் செம்மண்ணில் ஒட்டிவைத்தார்கள். அந்த மின் நிலையம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. நான் ஒட்டும் கை, பேப்பர்காரர் வரும் வரைக்கும் நிற்பதில்லை.

மூலப்பொருளுக்குக் குறையில்லை. தையல் மெஷின் பாபின் என்றால் ராக்கெட் எஞ்சின். தீர்ந்துபோன ரீஃபில் பீரங்கிக் குழல். நின்றுபோன டைம்பீஸின் பல்சக்கரம் எதற்கும் ஆகும். கவசம் வனைய, மேல்நாட்டில் மஞ்சளும் நீலமுமான இரண்டு பசைப் பட்டைகளைப் பச்சையாகும்வரை பிசைகிறார்கள். நமக்கு எம்-சீல் போதும். குளியலறைக் குழாய் ஒழுகலை அடைக்க வாங்கிய எம்-சீலில் ஒரு தளபதிக்குத் தோள்கவசமும் அவன் குதிரைக்குச் சேணமும் ஆயிற்று. குழாய் இன்னும் ஒழுகுகிறது. ஆனால் விண்வெளியில் குதிரை எதற்கு என்று கேட்ட ஒரே ஆள், குழாய் பார்க்க வந்த பிளம்பர்.

படையில் எனக்கு மிகவும் பிடித்தது டிரெட்நாட். போரில் பிழைக்கவே வழியில்லாமல் விழுந்த வீரனை இரும்புப் பெட்டிக்குள் வைத்து, அதற்குக் கை கால் பொருத்தி, மறுபடியும் டியூட்டிக்கு அனுப்பிவிடுவார்கள். ஆயிரக்கணக்கான வருஷங்கள் ஓய்வே கிடையாது. சுரங்கத்தில் எங்கள் கன்வேயர் செக்‌ஷனில் இதை விளக்கினேன். ஒருவர் மட்டும் கவலையோடு, "பி.எஃப். பிடிப்பாங்களா?" என்றார்.

இந்த விளையாட்டில் செவ்வாய்க் கிரகம் முழுக்க எந்திரப் பூசாரிகள். சிவப்பு அங்கி போட்டிருப்பார்கள். எந்திரத்துக்குள் ஆவி குடியிருக்கிறது என்று நம்பி, எண்ணெய் விட்டு, தூபம் காட்டி, மந்திரம் சொல்லித்தான் சுவிட்சைப் போடுவார்கள். ஆஹா, என்ன கற்பனை என்று உலகம் மெச்சுகிறது. மெச்சுகிறவர்கள் ஓர் ஆயுதபூஜைக்கு நெய்வேலி வரட்டும். வாளி ஒன்றுக்கு 1,400 லிட்டர் அள்ளும் ராட்சத எந்திரத்துக்கு மாலை சாத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலைப் பொட்டலத்தோடு வீடு திரும்புகிறவர்கள் நாங்கள். என் பூசாரிகளின் பாதத்தடியில் நம்மூர்ச் செம்மண்ணைச் சலித்து ஒட்டினேன். செவ்வாய்க் கிரகத்துக்குக் கொஞ்சமும் வித்தியாசமில்லை. நெற்றியில் ஆளுக்கொரு குங்குமப் பொட்டும் வைத்தேன். விதிப் புத்தகத்தில் இதற்குத் தடை எதுவும் காணோம்.

வண்ணம் தீட்டுவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் பிரைமர். அதன்மேல் அடி வண்ணம். பிறகு தண்ணீராகக் கரைத்த கருப்பை ஓடவிட்டால் மடிப்புகளில் தங்கி நிழலாகும். கடைசியாக, பிரஷ்ஷைத் துணியில் துடைத்து ஏறக்குறைய காய்ந்ததும் மேடுகளில் மட்டும் தேய்த்தால் வெளிச்சம் விழும். இவ்வளவும் வந்துவிடும். கண் மட்டும் வராது. வெள்ளெழுத்துக் கண்ணாடி, அதன்மேல் பூதக்கண்ணாடி, மூச்சை அடக்கிப் புள்ளி வைத்த என் தளபதிக்கு ஒரு கண் கடலூரையும் இன்னொன்று விருத்தாசலத்தையும் பார்க்கிறது. இரு முனைகளிலும் காவல் என்று வைத்துக்கொண்டேன்.

பலாவுக்குப் பேர்போன பண்ருட்டி இங்கே பக்கத்தில்தான். கொலு பொம்மைக்கும் பேர்போன ஊர். களிமண்ணையோ காகிதக் கூழையோ முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சில் அழுத்தி, சேர்த்து ஒட்டி, காயவைத்து, ஒட்டின கோட்டைச் சுரண்டி, வெள்ளை பூசி, வண்ணம் தீட்டி, கடைசியில் கண் திறப்பார்கள். கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் ஊரான நாட்டிங்ஹாமில் சொல்லும் பாடமும் இதே வரிசைதான். பண்ருட்டிக்குப் போயிருந்தபோது ஓர் அம்மா பக்கத்து ஆளிடம் வெங்காய விலை பேசிக்கொண்டே இரண்டு இழுப்பில் சரஸ்வதிக்குக் கண் திறந்ததைப் பார்த்தேன். அன்று இரவு என் தளபதியை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. அவனாலும் முடியாது.

ஆனால் அந்தப் பயணத்தில் எனக்கு ஒரு வழக்கு கிடைத்தது. மனைவியிடம் வாதாடினேன். "வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்கணும்னு நீ சொல்றே, நானும் அதையேதான் சொல்றேன். உன் படையும் பழைய வேட்டித் துணி சுத்திப் பரண்ல கிடக்கு. நீ கேழ்வரகு முளைக்கவெச்சுப் பார்க் கட்டறே. நான் டீத்தூள்ல பாலைவனம் போடறேன். ரெண்டு பக்கமும் யாரும் யாரையும் அடிக்கறதில்லை. என்ன வித்தியாசம்?"

"என் பொம்மையைப் பார்க்க ஊரே வருது. உங்க பொம்மையைப் பார்க்க யார் வந்தா?"

பிளம்பரைச் சொல்ல வாய் வரவில்லை. தீர்ப்பு அன்றே கூறப்பட்டது: பொம்மை ரிப்பேர் இனி என் இலாகா. மகாளய அமாவாசைக்குள் எல்லாம் தயாராக வேண்டும்.

பரணிலிருந்து இறங்கிய செட்டியார் பொம்மைக்கு வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. படிக்கு முன்னால் அரிசி, பருப்பு, வெல்லக் கிண்ணங்களோடு கடை விரிக்க வேண்டியவர். களிமண் கை பிடிக்க எனக்கு வராது. தெரிந்ததைத்தான் செய்ய முடியும். டிரெட்நாட்டின் இரும்பு நகக் கை, செட்டியாரின் அளவுக்கு அச்சாக அமைந்தது. எம்-சீல் வைத்து இறுக்கி, சட்டைக் கை மாதிரி வெள்ளை அடித்து, விரல்களைக் கருப்பாகவே விட்டுவிட்டேன். மனைவி பார்த்தாள்; ரொம்ப நேரம் பார்த்தாள்; எதுவும் சொல்லாமல் படியில் வைத்தாள். நவராத்திரி முழுக்க வெல்லக் கிண்ணத்தில் ஒரு குழந்தைகூடக் கை விடவில்லை.

அதிலிருந்து பக்கத்து வட்டங்களிலிருந்தும் பொம்மை வர ஆரம்பித்திருக்கிறது. கூலி சுண்டல். இப்போது மேஜையில் ஒரு சின்ன ராவணன் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு தலை குறைகிறது. என்னிடம் தலைக்கா பஞ்சம்? ஹெல்மெட் போட்டதா, போடாததா என்பதை மட்டும் அவனைக் கொடுத்துவிட்டுப் போன அக்கா சொல்லியனுப்ப வேண்டும்.